பீட்ரூட் இல்லாத வெள்ளிகள்

வெள்ளிக்கிழமைகளில் என் மூத்த சகோதரர் நானா ஜும்ஆ தொழுதுவிட்டு எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார். அவர் குடியிருப்பது பலாபத்வலையில். தம்புள்ளைச் சந்தையில் மரக்கறி மொத்த வியாபாரம். மற்ற நாட்களில் விடியுமுன் லொறியில் போனால் பின்னேரம்தான் திரும்புவார். வெள்ளியில் மட்டும் பத்து மணிக்கே கடையைப் பங்காளியிடம் விட்டுவிட்டு எங்கள் ஊர் மாத்தளைக்கு பஸ் ஏறிவிடுவார். கையில் ஒரு மரக்கறிப் பை இருக்கும். அதை என்னிடம் தந்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போவார். தொழுகை முடிந்து வரும்போது அது கறியாகியிருக்கும்.

நான் ஒரு முஸ்லிம் பாடசாலையில் மனைப்பொருளியல் படிப்பிக்கிறேன். வெள்ளியன்று பாடசாலை பதினொன்றரைக்கு விடும் என்பதால் சமைக்க நேரம் கிடைக்கும். பல வருடங்களாக நாட்குறிப்பும் எழுதுகிறேன். அதில் பெரிதாக ஒன்றும் இருக்காது. வெயிலா மழையா, என்ன சமைத்தேன், யார் வந்தார், என்ன சொன்னார், அவ்வளவுதான்.

இது தொடங்கிய முதல் வெள்ளியில் பையில் இருந்தது பீட்ரூட். பாதியைக் கறி வைத்தேன், மீதியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். சாப்பிட்டு முடித்த நானா கை கழுவிவிட்டு வந்து, என் கணவர் முன்னறைக்குப் போகும்வரை காத்திருந்தார்.

"தங்கச்சி, ஒரு விஷயம் கேக்கணும். சொல்ல வெக்கமா இரிக்கி."

"கேளுங்க நானா."

"ஒண்ணுக்குப் போனா சிவப்பா போகுது. ரெண்டு நாளா."

"எரியுதா? வலி இரிக்கா?"

"ஒண்டுமில்ல. நிறம் மட்டுந்தான்."

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"ஒன் மதினி பீட்ரூட் வெச்சா. முந்தா நாளும் அதுதான். கடையில மிஞ்சிப் போச்சி."

நான் சிரித்துவிட்டேன். பீட்ரூட்டின் சாயம் சிலருடைய உடம்பில் சிதைந்து போகாமல் அப்படியே சிறுநீரோடு வெளியேறும் என்று விளக்கினேன். அதை நான் வகுப்பில் வருடா வருடம் சொல்லிக் கொடுக்கிறேன். பிள்ளைகளும் ஒவ்வொரு வருடமும் சிரிப்பார்கள்.

"இவ்வளவு காலமா பீட்ரூட் விக்கிறேன், இது எனக்குத் தெரியாமப் போச்சே. வாங்குற ஆக்களுக்கும் சொல்லி அனுப்பணும்" என்றார் நானா. அவருடைய முகம் லேசாகிவிட்டது. இரண்டாம் தடவை தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அன்று நாட்குறிப்பில் எழுதினேன்: ‘நானாவுக்குச் சிறுநீர் சிவப்பு. பீட்ரூட். பயமில்லை.’

அதற்குப் பிறகு பதினாறு வெள்ளிகள் நானா வழமைபோல வந்தார், சாப்பிட்டார், போனார். அந்த விஷயத்தை அவரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பதினேழாவது வெள்ளி கழிந்த செவ்வாய்க்கிழமை, நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது மதினியின் அழைப்பு வந்தது. நானாவுக்கு விடியற்காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை. கடையில் மூட்டை மேல் உட்கார்ந்தவர் எழும்ப முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வியர்த்திருக்கிறார். பங்காளி லொறியிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது குழாய் போட்டிருந்தார்கள். கட்டிலுக்குக் கீழே தொங்கிய பையில் இரத்தம் கட்டி கட்டியாக இறங்கியிருந்தது. நானா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஓர் இளம் டொக்டர் சிங்களத்தில் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். எவ்வளவு காலமாக இரத்தம் போகிறது என்றார். மதினிதான் பதில் சொன்னார். மூன்று நான்கு மாதம் இருக்கும், உடம்புச் சூடு என்று நினைத்துத் தொப்புளில் நல்லெண்ணெய் வைத்துவிட்டேன், பிறகு பீட்ரூட்டால் வருவது என்று இவருடைய தங்கச்சி சொன்னா, அவ டீச்சர் என்றார். மதினி என்னைக் குற்றம் சாட்டவில்லை. கேட்டதற்கு உள்ளதைச் சொன்னார். டொக்டர் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்து எழுதினார். அவர் அதை எழுதினாரா, விட்டாரா என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் நாட்குறிப்பை எடுத்து அந்த வரியை வாசித்தேன். பிறகு வெள்ளிகளை எண்ணினேன்.

கண்டியில் கமரா விட்டுப் பார்த்தார்கள். சிறுநீர்ப்பையின் உச்சியில், தொப்புள் பக்கமாக, ஒரு கட்டி. சதை எடுத்து அனுப்பினார்கள். ரிப்போர்ட் வர மூன்று வாரம் சென்றது. அந்த நாட்களில் நானா என்னிடம் பேசியதெல்லாம் சந்தையில் லீக்ஸ் விலையைப் பற்றித்தான்.

சத்திரசிகிச்சை நிபுணர் ஐம்பது வயது மதிக்கத்தக்க சிங்களவர். குரல் மிகத் தாழ்வாக இருக்கும். நாங்கள் மூவரும் கதிரையை இழுத்து அவருக்குக் கிட்டவாக உட்கார்ந்தோம். நானாவின் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் பேனையால் ஒரு படம் வரைந்தார். கீழே ஒரு பை, மேலே ஒரு புள்ளி, இரண்டையும் சேர்த்து ஒரு கோடு. தாயின் வயிற்றில் இருக்கும்போது சிறுநீர்ப்பைக்கும் தொப்புளுக்கும் இடையில் ஒரு சின்னக் குழாய் இருக்கும் என்றார். பிறக்குமுன்னே அது அடைத்து வெறும் நாராகிவிடும். எல்லாருக்கும் அந்த நார் உள்ளே கிடக்கிறது, யாரும் அதைப் பற்றி அறியாமலே வாழ்ந்து முடிக்கிறோம். மிக மிக அரிதாக அதில் புற்றுநோய் தொடங்கும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் என்று தினமும் பார்ப்பது வேறு, இது வேறு. தன்னுடைய சேவைக் காலத்தில் இதற்கு முன் கண்டவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம் என்றார்.

மதினி என் காதுக்குள் கேட்டார். "தொப்புள்ளயா தொடங்கிரிக்கி? நான் எண்ணெ வெச்சதாலயா?"

டொக்டருக்குத் தமிழ் கொஞ்சம் விளங்கும்போல. எண்ணெய்க்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று மதினியைப் பார்த்தே சொன்னார். மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நானா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பை வெக்கணுமா?"

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. வில்கமுவவிலிருந்து அவருடைய கடைக்குப் பூசணிக்காய் கொண்டுவரும் ஒருவருக்கு இரண்டு வருடத்துக்கு முன் சிறுநீர்ப்பையையே எடுத்துவிட்டு வயிற்றில் பை வைத்தார்கள். அவர் நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் சந்தைப் பள்ளிவாசலில் ஜமாஅத்தோடு தொழுவதை விட்டுவிட்டார். பையோடு தொழலாம், மார்க்கத்தில் தடையில்லை என்று மௌலவி எடுத்துச் சொல்லியும், கடைசித் தூணுக்குப் பின்னால் தனியாகத் தொழுதுவிட்டுப் போய்விடுகிறார். நானா அதைப் பார்த்தவர்.

டொக்டர் படத்தின் மேல் இன்னொரு கோடு போட்டார். இந்த வகையில் பெரும்பாலும் முழுச் சிறுநீர்ப்பையையும் எடுக்கத் தேவையில்லை. உச்சியை மட்டும் வெட்டி, அந்த நாரையும் தொப்புளையும் சேர்த்து ஒரே துண்டாக எடுக்க வேண்டும். பக்கத்திலுள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துப் பார்க்க வேண்டும். மிச்சப் பை சிறியதாக இருக்கும், அடிக்கடி போக வேண்டிவரும், ஆனால் வெளியே பை வராது. உள்ளே திறந்து பார்த்தபின் வேறுவிதமாக இருந்தால் அப்போது மாறலாம், அதையும் இப்போதே சொல்லி வைக்கிறேன் என்றார்.

நானாவும் மதினியும் வெளியே போனபின் நான் நின்றேன். பீட்ரூட் கதையை ஒன்றும் விடாமல் சொன்னேன். "நான் அன்றைக்கே அனுப்பியிருந்தால் வித்தியாசம் இருந்திருக்குமா?" என்று கேட்டேன்.

அவர் பேனையை மூடினார். இந்த வகை வெகுகாலம் சத்தமில்லாமல் வளரும், இரத்தம் வரும்போது அது ஏற்கனவே சிறுநீர்ப்பைக்குள் இறங்கியிருக்கும் என்றார். அதனால் நான்கு மாதம் ஒன்றையும் மாற்றாமல் இருந்திருக்கலாம். மாற்றியும் இருக்கலாம். "நேரத்தோடு வருவது எப்போதும் நல்லது. அதை இல்லையென்று சொன்னால் உங்களுக்குப் பொய் சொன்னதாகிவிடும்" என்றார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அவர் ஆறுதலுக்காக ஒரு பொய் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

ஒபரேஷன் ஐந்து மணித்தியாலம். பை வைக்கவில்லை. நானா கண் விழித்ததும் முதலில் கையை வயிற்றில் வைத்துத் தடவிப் பார்த்தார். கட்டும் குழாயும்தான் இருந்தன. அல்ஹம்துலில்லாஹ் என்றுவிட்டு மறுபடி தூங்கிவிட்டார்.

நான்காம் நாள் கட்டு மாற்றும்போது முதல்முறையாகத் தன் வயிற்றைப் பார்த்தார். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு தையல். தொப்புள் இருந்த இடம் வெறுமையாக இருந்தது.  பிறகு மதினியைக் கூப்பிட்டார்.

"இங்க வாங்க. மௌலவிட்ட ஒரு மஸ்அலா கேக்கணும்."

"என்ன?"

"ஆம்பள தொப்புள்ளேருந்து முழங்கால் வரைக்கும் மறைக்கணும் எண்டுதானே சட்டம். எனக்கு இப்ப எங்கேருந்து அளக்குறது?"

மதினி சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "கழுத்துலேருந்து மறைங்க. ஒங்கட தொந்திய பாக்க ஆருக்கு ஆச."

பக்கத்துக் கட்டில்காரர் சிங்களவர். என்ன சிரிப்பு என்று கேட்டார். நானா அவருக்கும் சிங்களத்தில் விளக்கிச் சொன்னார். தையல் இழுத்ததால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டே சிரித்தார்.

வெட்டிய ஓரங்களில் நோய் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. எடுத்த நிணநீர் முடிச்சுகளில் ஒன்றில் மட்டும் இருந்தது. அதனால் மருந்தும் ஏற்ற வேண்டும் என்றார்கள். புற்றுநோய்ப் பிரிவின் டொக்டர் இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொன்னார். இந்த நோய் வருபவர்கள் மிகவும் குறைவு என்பதால் இதற்கென்று தனியாக மருந்து சோதித்து முடிவெடுக்க ஆட்கள் போதவில்லை. நுணுக்குக்காட்டியில் இது குடல் புற்றுநோயைப் போலிருக்கிறது, ஆகவே குடலுக்குக் கொடுக்கும் மருந்தையே கொடுக்கிறோம், உலகம் முழுக்கப் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எத்தனை பேருக்குச் சுகமாகும் என்று நானா கேட்டார். ஒரு எண்ணைச் சொன்னால் அது உங்களுக்குப் பொருந்தும் என்று என்னால் சொல்ல முடியாது என்றார் அவர்.

முதல் தடவை மருந்து ஏற்றுமுன், எப்போது என்ன நடந்தது என்று வரிசையாக ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். அதை நான் எழுதுவதாக ஒப்புக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை காலை நாட்குறிப்பை வைத்துக்கொண்டு அந்தப் பதினேழு வெள்ளிகளையும் ஒவ்வொன்றாக வாசித்தேன். அதுவரை நான் திரும்பத் திரும்ப வாசித்தது முதல் வெள்ளியை மட்டும்தான்.

இரண்டாவது வெள்ளியில் இப்படி எழுதியிருந்தேன்: ‘போன கிழமை மிஞ்சிய பீட்ரூட்டில் சம்பல். நானா தொடவில்லை. வாய்க்கு அலுத்துப்போச்சாம். நானா கொண்டுவந்தது போஞ்சி.’ மூன்றாவது வெள்ளி கரட். நான்காவது லீக்ஸ். பிறகு கத்தரிக்காய், புடோல், மறுபடி போஞ்சி, கோவா. பதினேழாவது வெள்ளி வரை அவர் கொண்டுவந்த பையில் பீட்ரூட் ஒரு தடவைகூட இல்லை. அதற்கு முந்திய வருடத்தையும் எடுத்துப் பார்த்தேன். மூன்று வெள்ளிக்கு ஒரு தடவையாவது பீட்ரூட் இருந்தது.

ஆறாவது வெள்ளியில் இன்னொரு வரி: ‘நானா கறுப்புச் சாரன் உடுத்தி வந்தார். வெள்ளை எங்கே என்று கேட்டேன். ஊறப் போட்டிருக்காம்.’ அதற்குப் பிறகு வெள்ளைச் சாரனைப் பற்றி எங்கும் இல்லை. எல்லாவற்றையும் என் கையால்தான் எழுதியிருந்தேன்.

தாளை எழுதி முடித்து பலாபத்வலைக்குக் கொண்டுபோனேன். நானா வீதியைப் பார்த்தபடி ஜன்னலோரம் உட்கார்ந்து யாழ்ப்பாணம் போகும் லொறிகளை எண்ணிக்கொண்டிருந்தார். மதினி பின்னால் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"நானா, ரெண்டாவது வெள்ளியே பீட்ரூட்ட விட்டுட்டீங்களா?"

அவர் திரும்பவில்லை. "அதையும் எழுதி வெச்சிரிக்கியா?"

"சம்பல் வெச்சேன். நீங்க தொடல்ல."

"வீட்டுலயும் வேணாம் எண்டுட்டேன். மூணு கிழம ஒரு துண்டு தின்னல்ல. அப்பயும் சிவப்பாத்தான் போச்சி."

"அப்ப ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஏன் நானா சொல்லல்ல?"

கடந்து போன ஒரு லொறியை எண்ணிக்கொண்டார். "வில்கமுவக்காரரப் பாத்திரிக்கியா நீ? தூணுக்குப் பின்னால நிக்கிறத? அது கண்ணுக்குள்ளேயே இருந்திச்சி. நீ சொன்ன ஒரு சொல்லு கையில இருந்திச்சி. தங்கச்சி பீட்ரூட் எண்டுட்டா, அவ படிச்சுக் குடுக்கிறவ. ஒன் மதினி கேட்டாலும், சந்தையில தின்டேன், அதான் எண்டேன். எனக்கு நானே சொல்லிக்கிட்டதும் அதுதான். வேற ஆரும் சொல்லியிருந்தா நான் நம்பின மாதிரி நடந்திருக்க ஏலாது."

"நான் இத்தன நாளா என்னாலதான் எண்டு..."

"தெரியும். ஒன் முகத்துலயே இருந்திச்சி. சொல்லணும் எண்டுதான் இருந்தேன். சொன்னா ஒன்மேல போட்ட பாரத்த நான் தூக்கணுமே." பிறகு என்னைப் பார்த்தார். "மன்னிச்சிக்க தங்கச்சி."

எங்கள் குடும்பத்தில் மூத்தவர்கள் இளையவர்களிடம் மன்னிப்புக் கேட்பது நோன்புப் பெருநாள் காலையில்தான். அதுவும் கையைப் பிடித்து வாய்க்குள் முணுமுணுப்பதோடு சரி. எனக்குப் பாரம் இறங்கியது போலவும் இருந்தது. மூன்று மாதத்துக்கு மேல் அவர் தனியாக, ஒவ்வொரு தடவையும் கதவைப் பூட்டிக்கொண்டு அந்த நிறத்தைப் பார்த்திருக்கிறார் என்று நினைக்கும்போது தாங்கவும் முடியவில்லை. நான் ஒரு வெள்ளியாவது, "இப்ப எப்பிடி நானா, நிறம் மாறிட்டா?" என்று கேட்டிருக்கலாம். பதினாறு தடவை அவருக்குச் சோறு போட்டேன்.

"நானும் பொறகு கேக்கல்லயே" என்றேன்.

"சரி, அப்ப ரெண்டு பேரும் சமம்" என்றார். "இனி ஒவ்வொரு வெள்ளியும் கேளு. நான் உள்ளதச் சொல்றேன்."

இரண்டு கிழமைக்கு ஒருமுறை மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டவில்லை. ஆனால் குளிர்ந்தது எதையும் தொட முடியாது போயிற்று. குளிர்சாதனப் பெட்டியின் கைபிடி, பைப்புத் தண்ணீர், விடியற்காலைக் காற்று எல்லாம் விரல் நுனியில் ஊசியாகக் குத்தின. சுபஹுத் தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுளூ எடுக்க மதினி தண்ணீர் சுட வைத்துக் கொடுத்தார். "கல்யாணம் முடிச்ச காலத்துல கூட இப்பிடி சுடுதண்ணி கிடைக்கல்ல" என்றார் நானா. "அப்ப கேட்டிருந்தா தலையில ஊத்தியிருப்பேன்" என்றார் மதினி. கடைசி மருந்துக்குப் பிறகும் பல மாதம் விரல்கள் மரத்தே இருந்தன. இன்னும் சட்டைப் பொத்தானை மதினிதான் போட்டுவிடுகிறார்.

மருந்து முடிந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. இதுவரை எடுத்த ஸ்கேன்கள் எல்லாம் தெளிவு. டொக்டர்கள் ‘சுகம்’ என்ற சொல்லை இன்னும் எடுக்கவில்லை. ‘இப்போதைக்கு ஒன்றும் காணவில்லை’ என்றுதான் எழுதுகிறார்கள். நுரையீரலிலோ வேறெங்கோ மறுபடி தலைகாட்டலாம், முதல் சில வருடங்கள்தான் முக்கியம், விடாமல் வாருங்கள் என்கிறார்கள். நானா ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எழும்பிப் போகிறார். தம்புள்ளை பஸ்ஸில் ஏறுமுன் ஒரு தடவை, இறங்கியதும் ஒரு தடவை. ஜும்ஆவில் கதவோரமாக இடம் பிடிக்கிறார், ஆனால் ஜமாஅத்தோடுதான் தொழுகிறார். சந்தைப் பள்ளிவாசலில் வில்கமுவக்காரரையும் தூணுக்குப் பின்னாலிருந்து கையைப் பிடித்து இழுத்து வந்து பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறாராம். ஒவ்வொரு வெள்ளியும் சாப்பிட உட்காருமுன் நான் கேட்கிறேன். அவர் சொல்கிறார். "வெள்ள." அல்லது, "மஞ்சள். விட்டமின் குளிச போட்டேன், அதையும் சேத்து எழுது."

போன செவ்வாய் காலையில், இடைவேளை நேரத்தில் அவருடைய அழைப்பு வந்தது. பின்னால் சந்தை இரைச்சல்.

"தங்கச்சி, சிவப்பு."

 சுவரைப் பிடித்துக்கொண்டேன். "என்ன சாப்பிட்டீங்க?" என்று வாய் தானாகக் கேட்டது.

"நேத்து ஒரு கலியாண வீட்டுல பீட்ரூட் இருந்திச்சி. நல்லாத்தான் தின்டேன். ஆனா நீ ஒண்டும் சொல்லிடாத. நான் லேப்புக்குப் போற வழியில இரிக்கேன்."

"நான் ஒண்டும் சொல்லல்ல நானா. போங்க."

அடுத்த பாடத்தில் என்ன படிப்பித்தேன் என்று நினைவில்லை. அன்றைய குறிப்பிலும் அது இல்லை.

வெள்ளிக்கிழமை பதினொன்றே முக்காலுக்கு வந்தார். மரக்கறிப் பையை மேசையில் வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து மடித்த ரிப்போர்ட்டை எடுத்து விரித்துத் தந்தார். சிறுநீரில் இரத்தச் செவ்வணுக்கள் காணப்படவில்லை. அடுத்த ஸ்கேன் எப்படியும் இன்னும் ஐந்து கிழமையில் இருக்கிறது. இந்தத் தாள் அதற்குப் பதிலாகாது என்று இருவருக்கும் தெரியும்.

பையைத் திறந்தேன். மேலே போஞ்சி. அடியில் இலையோடு நாலு பீட்ரூட்.

"இதச் சமைக்கவா?"

"பின்ன என்னத்துக்குக் கொண்டாந்தேன்?" என்றார். "நாளைக்கு சிவப்பா போனா?"

"திரும்ப லேப்புக்குப் போங்க."

"அதத்தான் சொல்ல வந்தேன்" என்றுவிட்டு, பள்ளிவாசலுக்குப் புறப்படுமுன் கழிவறைப் பக்கம் நடந்தார். நான் ரிப்போர்ட்டைக் கிளினிக் கொப்பிக்குள் செருகி வைத்துவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தேன்.